அளக்கப்படாத “வாறன்”

யாழ்ப்பாணக் கடலோரத் தமிழின் ஒலிகள் குறித்து எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் எழுதிய கட்டுரையின் அட்டவணையை இன்றும் சிலர் மேற்கோள் காட்டுகின்றனர். அதிலுள்ள எண்கள் ஒரு கடற்றொழிலாளியின் இயல்பான பேச்சுக்கு உரியவை என்று குறித்திருந்தேன். அவ்வாறல்ல. ஆகவே இதனை எழுதிவைக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

குரலின் மீடிறன்களை, அதாவது அதிர்வெண்களை, கணனி தானாகவே பிரித்தறியும் முறை அப்போது எங்கள் துறைக்குப் புதிது. ஒலிநாடாவிலிருந்து ஊட்டிய பேச்சை நுண்ணிய துண்டுகளாக அரிந்து, ஒவ்வொன்றிலும் ஓங்கி நிற்கும் மீடிறன்களை அது எண்களாகத் தரும். எத்தகைய பேச்சு என்று வினவாது.

யாழ்ப்பாணக் கரையோர ஊரான கொழும்புத்துறையிலிருந்து வந்த அத்தொழிலாளியிடம், கடலுக்குப் புறப்படும்போது வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். “வாறன்” என்றார். நாடா ஓடிக்கொண்டிருக்கவே, “வருகிறேன்” என்று திருத்தினேன்.

அவர் சிரித்தார். “உப்பிடிச் சொன்னால், இவ்வளவு காலமும் வீட்டிலை இருந்தது ஆரோ விதானையார் எண்டெல்லோ மனிசி பயப்பிடும், ஐயா.”

ஊர் அலுவலரான விதானையாரின் பேச்சென்று கேலி செய்தாலும், என்னை மதித்து, நான் கேட்ட எல்லாச் சொற்களையும் நூல்வழக்கிலேயே உச்சரித்தார். அவற்றை மட்டும் வேறொரு நாடாவிற் படியெடுத்தேன். எஞ்சிய சிரிப்பும் கதையும் கணிப்பைக் குழப்பும் என்றெண்ணி, மூல நாடாவின்மேல் வேறு பதிவு செய்தேன். நாடா அரிதாகக் கிடைத்த காலம்.

பின்னொரு நாள் கடலுக்குச் சென்ற அவர் திரும்பவில்லை. சில ஆண்டுகள் கழித்து, அவருடைய நினைவுப் பூசை நெருங்கியபோது மனைவி இளைய மகளுடன் என் அறைக்கு வந்தார். தகப்பன் மறைந்தபோது அப்பிள்ளை கைக்குழந்தை.

“அவரின்ரை குரல் உங்களிட்டைக் கசற்றிலை கிடக்காம். இவளுக்கு ஒருக்கால் கேக்க விடுங்கோ, ஐயா.”

படியெடுத்த நாடாவை ஓடவிட்டேன். வருகிறேன். வாழை. மழை. தாய் தலை சாய்த்துக் கேட்டார்.

“குரல் அவரின்ரைதான். ஆனா உது ஆரோ விதானையார் கதைக்கிற மாதிரியெல்லோ கிடக்கு. அவர் தன்ரை பாட்டிலை கதைச்சது இல்லையோ?”

“இல்லைப் பிள்ளை. அதை நான் அழிச்சுப்போட்டன்” என்று தாயிடம் சொன்னேன். என் வாயிலும் அப்போது நூல்வழக்கு வரவில்லை.

“உதுதானோ அப்பா?” என்றாள் சிறுமி.

“ஓம்” என்றார் தாய், சற்றுப் பிந்தி.

அட்டவணையில் இருப்பவை என் உச்சரிப்பைப் பின்பற்றிய ஒருவருடைய எண்கள். அவருடைய “வாறன்” அளக்கப்படவேயில்லை. முதலுயிரைச் சிறிது நீட்டி, றகரத்தை நன்கு அதிரவிட்டுச் சொன்னார் என்பது என் நினைவு மாத்திரமே. அவரோடு கதைத்துப் பழகிய கொழும்புத்துறையார் எவரேனும் இதனை வாசிப்பின், அந்நினைவிலும் நான் இங்கு எழுதிய பிறவற்றிலும் காணும் பிழைகளைத் திருத்தித் தரவேண்டுகிறேன்.