கேள்விக்குறிகளுக்குப் பின்னால் இருந்த கொத்தமல்லி

வெள்ளவத்தையில் ஒரு சின்ன மென்பொருள் ஒஃபிஸில் நான் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். கொட்டாஞ்சேனை கிளினிக் ஒன்றின் திரையைச் சரிக்கட்டினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் நடையைக் கட்டலாம் என்று மனேஜர் சொல்லியிருந்தார்.

அந்தத் திரை நோயாளியின் பெயரோடு ஓர் அறிவிப்பையும் மூன்று மொழிகளில் காட்டவேண்டும். ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்தால் மொழிபெயர்ப்பைத் திருப்பித் தருகிற ஃபங்ஷன் ஒன்று எங்களிடம் இருந்தது. அது எழுத்தாகத் தராமல் வெறும் பைட்டாக, கணினிக்குள் இருக்கும் எண்களாகத் தரும். பெயரோடு சேர்ந்ததும் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். சிங்களத்துக்கு மட்டும் மனேஜர் ஏதோ ஒட்டுப் போட்டு ஓட்டினார். தமிழைப் பிறகு பார்க்கலாம் என்றார். மூன்று மாதம் போயிற்று.

தமிழ் வாக்கியங்கள் இருக்கும் ஃபைலை நிரப்பியது நான். கேள்விக்குறியாகத்தானே வரும், யார் வாசிக்கப் போகிறார்கள் என்ற துணிவு. எட்டு மணிக்கு வரவேண்டிய டொக்டர் ஒன்பதரைக்கு வருவதை கிளினிக்குக்குப் போன முதல் நாளே கண்டிருந்தேன். ஆகவே 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று வரவேண்டிய இடத்தில், "பொறுங்கோ, டொக்டர் இன்னும் வீட்டால வெளிக்கிடேல்ல" என்று எழுதினேன். 'இன்று பதிவு இல்லை' என்பதற்கு, "வீட்ட போய்க் கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ."

பிறகு ஃபங்ஷனைப் பிரித்து மேய்ந்தேன். ஃபைலை வாசிக்கும் வாசலிலேயே பைட்டை எழுத்தாக்கிவிடுவது, உள்ளே யார் கேட்டாலும் யூனிகோட் எழுத்து மட்டுமே தருவது. 'வணக்கம்' என்று ஒரு சொல்லைப் போட்டுப் பார்த்தேன், அழகாக வந்தது. அதோடு திருப்தி; ஃபைலில் எழுதிவைத்த பகிடி நினைவுக்கே வரவில்லை. மெத்தப் படித்த மூஞ்சூறு கழுநீர்ப் பானையில் விழுந்ததாம்.

மறுநாள் காலை மனேஜரோடு கிளினிக்குக்குப் போனேன். மண்டபம் நிறையச் சனம். திரையில் ஒருவரின் பெயர் வந்தது, அதன்கீழ் இன்னும் வீட்டை விட்டு வெளிக்கிடாத டொக்டரும் வந்தார். முதலில் ஒரு கிழவர் சிரித்தார், பிறகு எல்லோரும். தமிழ் வாசிக்கத் தெரியாத மனேஜர், சனத்துக்குச் சந்தோசம் என்று நினைத்து "நியமயி!" என்று சிங்களத்தில் மெச்சி என் முதுகில் தட்டினார்.

அந்த நேரம் பார்த்து டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்து அம்மா. நின்று, திரையை முழுதாக வாசித்தார். மனேஜர் என்னைக் காட்டி, மொழிபெயர்ப்புச் சரியா என்று சிங்களத்தில் கேட்டார். என் வேலை அந்த அம்மாவின் நாக்கில் தொங்கியது.

"ஒரு பிழையும் இல்லை" என்று சிங்களத்திலேயே மறுமொழி சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"மூண்டு மாசம் கேள்விக்குறி வந்தது, தம்பி. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல. இண்டைக்குத்தான் எங்கட சனம் வாசிச்சிருக்கு. இனி நான் எட்டு மணிக்கு வரோணும், என்ன?"

வெட்கமாக இருந்தது. அவ்வளவு சனமும் கேள்விக்குறிக்கு முன்னால் பேசாமல் இருந்திருக்கிறது, நானோ பின்னால் இருந்து பகிடி விட்டிருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து அந்த வரியை மாற்றினேன். கொத்தமல்லியை மட்டும் டொக்டர் அழிக்க விடவில்லை, அது நல்ல மருந்துதானாம்.

அந்த மாதமே வேலை நிரந்தரமானது. மனேஜர் இன்றும் புது ஆட்களுக்கு அந்தத் திரையைத்தான் கொண்டுபோய்க் காட்டுகிறார், திருத்தமான தமிழுக்கு உதாரணமாக.