முருகனுக்கு ஒரு மடக்கு அலமாரி

போன மாதம் ஒரு சாயங்காலம் நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, என் மகள் யாழினி அளவு டேப்போடு வந்து கையை நீட்டச் சொன்னாள். மாவுக்கையோடு நீட்டினேன். அளந்து எழுதிக்கொண்டு, "நீங்கதான் மா என் யூசர்" என்றாள். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே மலேசியாவில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவள் படிவம் இரண்டு, நம் ஊர்க் கணக்கில் எட்டாம் வகுப்பு, படிக்கிறாள். 'ரேகா பெந்துக் டான் டெக்னோலோகி' என்று ஒரு பாடம் இருக்கிறது, அதாவது வடிவமைப்பும் தொழில்நுட்பமும். ஓர் ஆளைப் பிடித்து, அவருக்கு என்ன கஷ்டம் என்று கேட்டு, அதைத் தீர்க்கிற பொருளைச் செய்துகாட்ட வேண்டுமாம். கஷ்டத்தைக் கேட்டால் மார்க் கிடைக்கிற பாடத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை.

தென்காசியில் எங்களுக்கும் கைத்தொழில் வகுப்பு இருந்தது. டீச்சர் கரும்பலகையில் ஒரு கூடையை வரைவார். வகுப்பே அந்த ஒரே கூடையைப் பின்னும். யாருக்காகப் பின்னுகிறோம் என்று கேட்டிருந்தால் வெளியே நிற்க வைத்திருப்பார். அதனால் மகள் பென்சிலோடு உட்கார்ந்து, "இந்த வீட்டுல உங்களுக்கு என்ன பிராப்ளம்?" என்றதும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஒன்றுமில்லை என்றேன். அவள் விடுவதாக இல்லை. கடைசியில் முருகன் படத்தைக் காட்டினேன். வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. எனவே முருகன் ஃபிரிட்ஜ் மேல் குடியிருக்கிறார். மோட்டார் ஓடும்போதெல்லாம் நடுங்கி நடுங்கி விளிம்புக்கு வந்துவிடுவார். நான் உள்ளே தள்ளி வைப்பேன்.

மேசைமேல் நிற்கிற சின்ன அலமாரி என்று முடிவானது. "மடக்குற மாதிரி செய். ஊருக்குப் போறப்ப பெட்டியில வச்சுக்கலாம்" என்றேன். முதலில் அட்டையில் செய்து பார்த்தது சரிந்து விழுந்தது. பலகையில் கீல் வைத்துச் செய்தது ஆடியது. அவளுடைய ஆசிரியை பார்த்துவிட்டு, யூசரையே கேட்டு வா என்று அனுப்பிவிட்டார்.

"ஆடாம நிக்கணுமா, மடக்கணுமா? ரெண்டும் சேந்து வராது மா."

நல்ல கீல் கிடைத்தால் தப்பித்துவிடலாம் என்று ஹார்ட்வேர் கடைக்கு அவளைக் கூட்டிப்போனேன். கடைக்காரர் பலகையைப் புரட்டிப் பார்த்தார். "கம்மு போட்டு ஒட்டிடுங்க அக்கா. எதுக்கு மடக்கணும்?"

"அடுத்த வருஷம் ஊருக்கே போயிடுவோம்ணே."

"மடக்கு நாற்காலி வாங்குனப்பவும் இதத்தான் சொன்னீங்க லா" என்று சிரித்தார். "அப்ப பாப்பா கைக்குழந்தை."

யாழினி சிரிக்கவில்லை. பென்சிலைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தாள். நிஜமாகவே போகிறோமா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

"கம்மே குடுங்கண்ணே" என்றேன்.

ஒட்டிக் காய்ந்த அன்று, இனி இதை எடுத்துப்போக முடியாதே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். யாழினி பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கி, அலமாரியை உள்ளே வைத்து மூடியே காட்டினாள். பெட்டியையும் முன்பே அளந்திருக்கிறாள்.

"மடக்காமலே போகும் மா. ஆனா இத வச்சா வேற ஒன்னும் வைக்க இடமில்ல."

முருகன் இப்போது அசைவதில்லை. ஃபிரிட்ஜ் மோட்டார் ஓட ஆரம்பித்தால் என் கைதான் இன்னமும் அவரைப் பிடிக்க நீள்கிறது.