கர்னல் ஐயாவின் கார்க் கதவு

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பிழையும் இருக்கும்; ஐந்தாம் வகுப்போடு நின்றவன், மன்னிக்க வேண்டும். போன வருடம் மே மாதம் கர்னல் ஐயாவோடு அமெரிக்கா போய் வந்ததை எழுதச் சொல்லி என் மகள் செல்வி விடாமல் கேட்கிறாள்.

ஐயா ஜமீன் வீட்டுப் பிள்ளை. பட்டாளத்தில் கர்னல். பிறகு இரண்டு முறை எம்.பி. மூன்றாம் முறை தோற்றதும் ஓர் ஆப்பிரிக்க நாட்டுக்குத் தூதராக அனுப்பினார்கள். முப்பது வருடமாக நான் அவருடைய ஆள். இத்தனை பதவியிலும் அவர் ஒரு கார்க் கதவைக்கூடத் தானே திறந்ததில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, சான் ரமோனில் அவருடைய அக்கா மகன் ரகு வீட்டிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும். பத்தரைக்கு ஹூஸ்டன் விமானம். அங்கே நர்ஸாக இருக்கும் செல்வியை நான் பார்த்து நான்கு வருடம். அவளுக்கு அன்று ஒரு நாள்தான் லீவு. மறுநாள் ஐயாவுக்கு ஜெர்சி சிட்டியில் பாராட்டு விழா. ஐயாவோ இட்லியை முன்னால் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தன் சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். பனிமலைக் காவல் முடிந்து, தேர்தல் வந்து, ஆப்பிரிக்க ஜனாதிபதியோடு விருந்து சாப்பிட்டு எழுந்தபோது மணி எட்டே முக்கால்.

விமான நிலையம் முப்பத்தைந்து மைல். ஐயா பின் சீட்டில், நான் முன்னால். "மாமா, என்னை டிரைவர் ஆக்கிட்டீங்க" என்றார் ரகு. "ரோட்டைப் பாரு" என்றார் ஐயா. ஃப்ரீவேயில் கார்கள் ஊர்ந்தன.

பத்து மணிக்கு பார்க்கிங்கில் நிறுத்தினோம். எங்களை வேகமாக வரச் சொல்லிவிட்டு ரகு பெட்டிகளோடு கவுன்டருக்கு ஓடினார். நான் இறங்கினேன். ஐயா அசையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. இன்று ஒரு நாள் அவரே திறக்கட்டும் என்று லிஃப்ட் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்றேன். போவது என் மகளைப் பார்க்கும் நேரம்தான் என்று தெரிந்தும் கால் நகரவில்லை. பத்து நிமிடம் போனது.

ரகு திரும்பி ஓடி வந்தார். "ஐயோ மாணிக்கம் அங்கிள், பின் டோர்ல சைல்ட் லாக் போட்டிருக்கு, பாப்பாவுக்காக. உள்ளேருந்து ஓப்பன் பண்ணவே முடியாது."

விமானம் போய்விட்டது. அடுத்து இடம் கிடைத்தது ஞாயிறு காலையில்தான். அப்போது நேராக ஜெர்சிக்கே போயாக வேண்டும்.

"கண்ணாடியைத் தட்டியிருக்கலாமே ஐயா" என்றேன்.

"நீ கோவமா நிக்கிறது தெரிஞ்சுது, மாணிக்கம். முப்பது வருஷத்துல முதல் தடவை. தட்ட மனசு வரலை."

பிறகு ரகுவிடம் போனை வாங்கி, விழாவுக்கு வரவில்லை, ஹூஸ்டன் போகிறேன் என்று ஜெர்சிக்காரர்களிடம் சொன்னார். பாராட்டை வேண்டாம் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஞாயிறன்று செல்வி டியூட்டி முடிந்து வரும்வரை ஹூஸ்டன் விமான நிலையத்தில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். காபி ஒன்றே முக்கால் டாலர், வெந்நீர் மாதிரி இருந்தது. ஐயா குறை சொல்லாமல் குடித்தார். செல்வி கார் கொண்டுவந்ததும், கேட்காமலே முன் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

அவள் வீட்டு வாசலில் கார் நின்றது. செல்வி இறங்கினாள், நான் இறங்கினேன். ஐயா உட்கார்ந்தே இருந்தார். முன் கதவில் எந்தப் பூட்டும் இல்லை.

போய்த் திறந்துவிட்டேன்.

எழுதி முடித்தது: 1999 மார்ச் 14