ஒரு பெட்டி குறைந்த கோட்டுப்படம்

ஒரு செயலியின் திரையில் எங்கே எந்தப் பெட்டி, எங்கே எந்தப் பொத்தான் என்று நிறமில்லாமல் கோடுபோட்டு டிசைனரிடம் கொடுப்பதுதான் என் வேலை, வயர்ஃப்ரேம் என்பார்கள். எவ்வளவு வரைவது, எவ்வளவை விடுவது என்பதில் அடிபட்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள்.

எல்லாவற்றையும் வரைந்தது

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த ஒரு மாடியில் எங்கள் சின்ன அலுவலகம். டிசைனர் ரிஸ்னா கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருவார். முதல் வருடம் எழுத்தின் அளவு, பொத்தானின் நிறம் வரை நானே குறித்துக் கொடுத்தேன். வேலை பிசகிவிடும் என்ற பயம். அவர் அப்படியே செய்து தந்தார். முந்தி மாதிரி ஏன் யோசனை ஒன்றும் சொல்வதில்லை என்று ஒருநாள் கேட்டேன். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"நீங்கள் எல்லாத்தையும் யோசிச்சுத்தானே தாறீங்கள், அண்ணா. எனக்கு நிறம் தீட்டுறது மட்டும்தானே மிச்சம்."

குறைத்து வரைந்தது

அது சுட்டது. அடுத்து வந்தது சாம்பல்தீவுப் பக்கம் ஒரு மீனவர் சங்கத்தின் செயலி. யார் எந்தப் படகில் கடலுக்குப் போகிறார் என்று பதிவதற்கு. இம்முறை வெறும் பெட்டிகளை மட்டும் வரைந்தேன்: பெயர், படகு, தொலைபேசி. குறிப்பு ஒன்றும் எழுதவில்லை. ஈரக் கையாலும் அழுத்தக்கூடிய பெரிய பொத்தான்களோடு ரிஸ்னா அதை அழகாக்கினார். யாருடைய தொலைபேசி என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சங்கச் செயலாளருக்கு நல்ல சந்தோஷம்.

"இதில ஆரும் பிழை விட ஏலாது. மூண்டே மூண்டு பெட்டிதானே" என்றார்.

அந்த இலக்கம்

இலங்கைத்துறையிலிருந்து பருவத்துக்குத் தொழிலுக்கு வந்திருந்த ஒருவர், தொலைபேசி என்ற இடத்தில் தன் இலக்கத்தையே பதிந்திருந்தார். எல்லோரும் அப்படித்தான் பதிந்தார்கள். ஒரு காலையில் அவருடைய படகு கவிழ்ந்தது. இன்னொரு படகு அவரை மயக்கத்தோடு ஏற்றிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தது. செயலாளர் அந்த இலக்கத்துக்குத் திரும்பத் திரும்பக் கோல் எடுத்தார். அந்தப் போன் கடலுக்குள் கிடந்தது. ஆள்விட்டு வீட்டைத் தேடிப்பிடித்து மனைவி வந்துசேரப் பின்னேரமாகிவிட்டது. அவருடைய உயிர் மத்தியானமே போய்விட்டது.

காரியங்கள் முடிந்தபிறகு நானும் ரிஸ்னாவும் அந்த வீட்டுக்குப் போனோம். நடந்ததைச் சொல்லி, பிழை என்னுடையது என்றேன். அந்த அக்கா கோபிக்கவில்லை. கதிரை எடுத்துப்போட்டு எங்களை இருத்தினார். பிறகு ரிஸ்னாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"மயக்கத்திலயும் என்ர பேரைத்தான் சொன்னவராம். என்ர நம்பர் அவருக்கு மனப்பாடம், பிள்ளை. பதியேக்க ஆரும் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பார்."

திரும்ப வரைந்தது

அடுத்தநாள் 'வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும்?' என்று ஒரு பெட்டி சேர்த்து, அது ஏன் என்று ஓரத்தில் எழுதி ரிஸ்னாவிடம் கொடுத்தேன். இதை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும் என்றேன். அவர் அந்தக் குறிப்பை வாசித்துவிட்டுச் சொன்னார்:

"நீங்கள் எழுதாட்டி நான் கேட்டிருக்கோணும், அண்ணா. எனக்கு வாய் இருந்ததுதானே."

இப்போது என் கோட்டுப்படங்களில் கோடுகளைவிடக் கேள்விகளே அதிகம் என்பதால், புதிதாகச் சேருகிறவர்கள் எனக்கு வேலை தெரியாது என்றுதான் முதலில் நினைக்கிறார்கள்.