செக்கிங் மருதம்மாளின் இடது கண்

நெருப்பெரிச்சல் ஊர்ப் பக்கத்துப் பனியன் கம்பெனிகளில் மருதம்மாளின் கண்ணைப் பற்றிக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். பதினாறு வருடமாக அவளுக்கு செக்கிங் மேசைதான். டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு டி-சர்ட்டை விரித்துப் பிடித்தால் ஓட்டையா, எண்ணெய்க் கறையா, தையல் விட்டதா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். அவள் பாஸ் செய்ததை மறுபடி பார்க்க வேண்டாம் என்பது இன்சார்ஜ் தண்டாயுதபாணி போட்ட சட்டம். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, வேறென்ன சொத்து இருந்தது அவளுக்கு?

பஞ்சுத் தூசு சும்மா விடுமா? ஒரு மெட்ராஸ் ஐ சீசனில் இரண்டு கண்ணும் சிவந்து வீங்கிவிட்டன. கண் சிவந்தவர்களை வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை. மருதம்மாள் டாக்டரிடம் போனாள்.

"இது ஒட்டுறது இல்லீங்க, தூசு அலர்ஜி. வீக்கத்துக்கு ஸ்டீராய்டும் சிவப்புக்கு இன்னொரு மருந்தும் இதுல கலந்திருக்குதுங்க. ஏழு நாள் ஊத்தீட்டு நிறுத்திப்போடோணும். மறுபடி வந்து காட்டோணும்" என்று தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார் அவர்.

சொட்டு விட்ட பத்தாம் நிமிடம் கண் வெள்ளையாகிவிடும். எட்டாம் நாள் நிறுத்தினாள், மறுபடி சிவந்தது. டாக்டரிடம் போகாமல் பழைய சீட்டை மெடிக்கலில் நீட்டினாள். அப்புறம் சீட்டும் தேவைப்படவில்லை, காலிக் குப்பியைக் காட்டினாலே எடுத்துத் தந்தார்கள். ஷிப்டுக்குக் கிளம்பும் முன் பவுடர் பூசுகிற மாதிரி அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. இப்படியே இரண்டு வருடம். நினைத்தாலே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. கண்ணல்லவா அது, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளச் செருப்பா?

போன ஆடியில், பேக்கிங்கிலிருந்து திரும்பி வந்த ஒரு டி-சர்ட்டைத் தண்டாயுதபாணி கொண்டுவந்து மேசையில் விரித்தார். இடது ஓரத்தில் விரல் நுழைகிற ஓட்டை.

"நீங்க பாஸ் பண்ணுனதுங்கக்கா" என்றார், மெதுவாக.

அவள் நம்பவில்லை. அதே வாரம் இடப்பக்கம் நின்ற டிராலியில் போய் மோதி விழுந்தாள். அதற்குமேல் கணவர் கந்தவேல் கேட்கவில்லை, கையோடு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வலது கண்ணை மூடிக்கொண்டு அவரைப் பார்க்கச் சொன்னார் டாக்டர். கந்தவேலின் முகம் பாதிதான் தெரிந்தது.

"வலிக்கவே இல்லீங்களே. கண்ணு வெள்ளையாத்தானுங்க இருந்துச்சு."

"வெளிய வெள்ளையாத்தான் இருக்கும். ஸ்டீராய்டு நாள்பட்டா உள்ளுக்குள்ள பிரஷர ஏத்தி நரம்பக் கெடுத்துருமுங்க. போன பார்வை வராது. மிச்சத்தயும் வலது கண்ணயும் காப்பாத்தலாம்."

மருதம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கந்தவேல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். சட்டென்று அழுகையை நிறுத்தி, "அய்யோ, அனுப்பிரியா" என்றாள்.

செக்கிங் மேசையில் அவள் பக்கத்தில் நிற்கிறவள் அனுப்பிரியா. கேட்டில் திருப்பி அனுப்புகிறார்கள் என்று புலம்பியவர்களுக்கெல்லாம் இந்த மருந்தின் பேரைச் சொல்லிக் கொடுத்ததே மருதம்மாள்தான். மருதக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர்களும் வாங்கிக்கொண்டார்கள்.

நேரே கம்பெனிக்குப் போனாள். கேட்டதும் ஐந்து பேர் பையிலிருந்து ஐந்து குப்பிகள் வந்தன.

"நீங்கதானுங்கக்கா ஊத்தச் சொன்னீங்க?" என்றாள் அனுப்பிரியா, ஒன்றும் புரியாமல்.

"ஆமா கண்ணு, நாந்தான் சொன்னேன். என்ற கண்ணு போச்சு. எல்லாரும் வாங்க, இப்பவே போலாம்."

"லாட் செக் பண்ணாம கெடக்குதுங்கக்கா, நாளைக்கு அனுப்பட்டுங்களா?" என்று இழுத்தார் தண்டாயுதபாணி.

"ஓட்டை உழுந்தா வேற பீஸ் தெச்சுக்கலாமுங்க. இவிங்களுக்கு இன்னிக்கே காட்டோணும்."

அவர் உடனே கம்பெனி வேனை அனுப்பினார். நான்கு பேருக்கு ஒன்றுமில்லை. அனுப்பிரியாவுக்கு மட்டும் கண்ணில் பிரஷர் ஏறியிருந்தது. நரம்பு இன்னும் கெடவில்லை, இப்போதே நிறுத்தினால் இறங்கிவிடும் என்றார் டாக்டர். அதைக் கேட்ட பிறகுதான் மருதம்மாளுக்கு மூச்சே வந்தது. காலையில் தன் கண்ணுக்காக அழுததைவிட அப்போது அதிகம் அழுதாள்.