மூட்டைகளோடு அளந்த கோணம்

வண்டியை விற்கப்போவதாக அக்கா சொன்னபோது நான் அதன் அடியில் மல்லாந்து கிடந்தேன். அவள் முகம் தெரியவில்லை. உப்புத்தண்ணீரில் வெடித்துப்போன குதிகால்கள் மட்டும் தெரிந்தன.

“திண்டிவனத்துக்காரர் ஞாயித்துக்கெழம வர்றாரு. சாவியக் குடுத்துடப் போறேன். அதுக்குள்ள வெளிய வந்துடு. இல்லன்னா உன்னையும் சேத்து எடுத்துட்டுப் போயிடுவாரு.”

அந்த ஃபோர்வீல் டிரைவ் வண்டியை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் வாங்கினோம். மரக்காணத்தில் அவள் குத்தகைக்கு எடுத்திருக்கும் உப்புப் பாத்திகள் வரை லாரி வராது, வரப்பு தாங்காது. மூட்டைகளை ரோட்டோரக் கொட்டகைக்கு அவள்தான் ஓட்டிக்கொண்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி எனக்கு. புதுச்சேரியில் ஆறு நாள் கம்ப்யூட்டரை வெறித்துவிட்டு, ஏழாம் நாள் கடற்கரை மணலில் அதை விரட்டுவேன். அந்த ஒரு நாள் இல்லையென்றால் நான் எப்போதோ வேலையை விட்டிருப்பேன்.

அவளைக் கேட்காமல் உயரமான ஸ்பிரிங் போட்டது நான்தான். வண்டி மிடுக்காக எழுந்து நின்றது. ஆனால் உயரம் கூடியதும் கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் சாய்ந்துவிட்டது. அதன் இரண்டு முனைகளிலும் கோணம் ஒத்துப்போகாவிட்டால் வண்டி உதறும். உதறியது. ஒரு நாள் நடு வரப்பில் மூட்டைகளோடு போகும்போது ஷாஃப்டின் ஜாயின்ட் உடைந்தே போனது. கூலிக்கு வந்த பெண்கள் மூட்டைகளைத் தலையில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் சிரித்த சிரிப்பை அக்கா மறக்கவில்லை, என்னையும் மறக்கவிடவில்லை.

அதற்காகத்தான் லீவு போட்டு, உடைந்த ஜாயின்ட்டை மாற்றிவிட்டுப் புது கண்ட்ரோல் ஆர்ம்களை மாட்டிக்கொண்டிருந்தேன். பின் அச்சை சேஸிஸோடு பிணைக்கும் இரும்புக் கைகள் அவை. நான் வாங்கியவற்றின் நீளத்தைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். அதற்கேற்ப அச்சு சாயும், கோணம் சரியாகும். பழையவற்றைக் கழற்றுவதற்குள் உயிர் போய்விட்டது. உப்புக்காற்றில் போல்ட்டும் அதைச் சுற்றிய புஷ்ஷும் துருவேறி ஒன்றாகிப்போயிருந்தன. முக்கால்வாசியை கிரைண்டர் வைத்து அறுத்தேன்.

சனிக்கிழமை காலை கோணம் காட்டும் ஆப்பைத் திறந்து, ஃபோனை ஷாஃப்டின் முனைகளில் வைத்துப் பார்த்தேன். இரண்டு முனையிலும் ஒரே எண். ஈ.சி.ஆரில் கீழ்புத்துப்பட்டு வரை எண்பதில் போய் வந்தேன். சீட்டில் வைத்த தண்ணீர் பாட்டில்கூட நடுங்கவில்லை. வந்த வேகத்தில் சாவியை அவள் மூக்குக்கு நேராக ஆட்டினேன்.

“ஓட்டிப் பாரு. அப்புறம் வித்துக்கோ.”

அவள் உடனே ஓட்டவில்லை. பன்னிரண்டு மூட்டைகளை ஏற்றினாள். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினாள். நாற்பதைத் தாண்டியதும் காலுக்கடியில் தகரம் கடகடவென்று ஆடியது. அவள் வண்டியை ஓரம் கட்டவில்லை. நான் நன்றாகக் கேட்கட்டும் என்று இன்னும் அழுத்தினாள்.

“இன்னாடா இது? காலி வண்டிய அளந்துட்டு வந்து எங்கிட்ட சாவி ஆட்டுறியா? நான் என்னிக்குடா காலி வண்டி ஓட்டினேன்?”

“நீ ஓவரா ஏத்துற.”

“நீ ஓவரா தூக்கி வச்சிருக்க.”

அவள் சொன்னது சரி. மூட்டை ஏறினால் பின்பக்கம் அமுங்கும், அமுங்கினால் கோணம் மாறும். மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவனுக்கு இதை ஒருத்தர் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எனக்கு என் ஞாயிற்றுக்கிழமை வண்டிதான் வண்டி. பாத்திக்கே திரும்பி வண்டி நின்றதும் சொன்னேன்.

“மூட்டைய எறக்காத. வழக்கமா எவ்ளோ ஏத்துவ?”

“பதினாறு.”

“மிச்ச நாலையும் ஏத்து. நான் கீழ போய் அளக்குறேன்.”

“நீ கீழ இருக்கும்போதா?”

“சக்கரம் தரையிலதான நிக்குது? ஏத்து.”

ஏற்றினாள் என்று சொல்லக் கூடாது, போட்டாள். ஒவ்வொரு மூட்டைக்கும் சேஸிஸ் என் மூக்கை நோக்கி ஒரு விரல் இறங்கியது. கண்ணில் உப்புத்தூள் கொட்டியது.

“ஏய், மெதுவா!”

“ஏன், நசுங்கிட்டா கம்ப்யூட்டர் அழுவுமா?”

மேல் ஆர்ம்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். எண்கள் நெருங்கி வந்து கடைசியில் ஒன்றாயின. இந்த இடத்தில் இறுக்கினால் பாரத்தோடு போகும்போது உதறாது. காலியாகப் போகும்போது உதறும். நடுவில் நிறுத்தினால் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி.

“நடுவுல வச்சிடட்டுமா?” என்று கீழேயிருந்து கத்தினேன். “உனக்குக் கொஞ்சம் ஆடும், எனக்கும் கொஞ்சம் ஆடும்.”

“ஆடினா விப்பேன்.”

அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன், அவளுக்குக் கேட்கிற அளவுக்கு. பிறகு பாரத்துக்குப் பொருந்திய அந்த இடத்திலேயே இறுக்கினேன்.

அவள் தனியாக ஓட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். வண்டியில் இடம் இருந்தது. வா என்று அவள் சொல்லவில்லை, நானும் ஏறவில்லை. மூட்டைகளை இறக்கிவிட்டு, உதறும் காலி வண்டியில் திரும்பி வந்தாள். இறங்காமலே திண்டிவனத்துக்கு ஃபோன் போட்டாள்.

“வராதீங்க. வண்டி வேலைக்கு வேணுங்க.”

ஃபோனை மடியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இனிமே எதையாவது தொட்டன்னு வையி, கைய ஒடிச்சிடுவேன்.”

“மொதல்ல மூட்டைய ஒழுங்கா வைக்கக் கத்துக்க,” என்றேன்.