நிறுத்த முடியாத மிஷினுக்கு ஆயுத பூஜை

போன வருட ஆயுத பூஜை அன்று, ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. கம்பெனியில் பூஜை முடிந்து, பொரி பாக்கெட்டும் ஸ்வீட் பாக்ஸுமாக மதியம் பஸ்ஸில் வந்து இறங்கினேன்.

2. அப்பாவுக்கு ஆக்சிஜன் தரும் மிஷின் நின்றுபோயிருந்தது.

3. கரண்ட் போனால் உதவட்டும் என்று வைத்திருந்த சின்ன சிலிண்டரை அம்மா மாட்டிவிட்டிருந்தாள். அதன் முள் சிவப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

4. மிஷினைப் பிரித்து, என்ன கோளாறு என்று கண்டுபிடித்தேன்.

5. கண்டுபிடித்த பிறகு, சும்மா உட்கார்ந்திருப்பதைத் தவிர செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தது.

ஐந்தாவதுதான் இன்றைக்கும் என்னை விடுவதில்லை.

நான் எலக்ட்ரிகலில் டிப்ளமோ முடித்து, கார் உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸில் இருக்கிறேன். லைனில் மோட்டார் நின்றால் ஓடிப்போய்ப் பார்ப்பது என் வேலை. அப்பா ஒரு ஃபவுண்டரியில் பல வருடம் இருந்தவர். வார்த்தெடுத்த இரும்பில் ஒட்டியிருக்கும் மணலைத் தட்டி, கிரைண்டிங் மிஷினில் உரசி எடுக்கும் வேலை. அந்தத் தூசு நுரையீரலில் படிந்துவிட்டது. படிந்தது திரும்பப் போகாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். மாத்திரையும் இன்ஹேலரும் போதாமல் போனபோது ஆக்சிஜன் மிஷின் வீட்டுக்கு வந்தது.

பெரிய சூட்கேஸ் அளவில், சக்கரம் வைத்த பெட்டி அது. உள்ளே ஒரு மோட்டார் அறையில் இருக்கும் காற்றை இழுத்து அழுத்துகிறது. அந்தக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிறது. வாஷிங் மெஷினிலும் தண்ணீர் பம்ப்பிலும் இருப்பதைப் போன்ற சாதாரண ஏசி மோட்டார்தான். அவற்றை வேண்டும்போது நிறுத்தலாம், இதை நிறுத்த முடியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பாவுக்கு அதன் மேல் தனிப் பிரியம். அவரே துடைப்பார், ஃபில்டரைக் கழற்றித் தட்டச் சொல்வார். அம்மா கிண்டல் செய்வாள்: "உங்கப்பனுக்கு இப்ப அதான் சின்ன வூடு. ராவும் பகலும் அதுங்கூடவேதான் கீறாரு." அப்பா சிரித்தால் இருமல் வரும். வந்தாலும் சிரிப்பார்.

அன்று நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மிஷினின் அலாரம் கேட்டது. உள்ளே அப்பா கட்டிலில் முன்பக்கமாகக் குனிந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். மூச்சு விடவே தோள்பட்டை ஏறி இறங்கியது. அம்மாவின் கையில் காலண்டர் அட்டை. விசிறிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"திடீர்னு நின்னுபோச்சுடி. ஸ்விட்ச்ச அணைச்சு அணைச்சுப் போட்டேன். கத்துதே தவிர ஓடமாட்டேங்குது."

ஆம்புலன்ஸுக்கு ஏற்கெனவே போன் செய்திருந்தாள். கிளம்பிவிட்டதாகச் சொன்னார்களாம். ஆனால் அன்று மெயின் ரோடு முழுக்க மாலை போட்ட லாரியும் வேனும் பூசணிக்காய் உடைத்துக்கொண்டு நின்றதை நான் பஸ்ஸிலிருந்து பார்த்துத்தான் வந்திருந்தேன். மிஷின் கொடுத்த கடையின் நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பண்டிகை நாளில் யார் எடுப்பார்கள்?

எங்கள் மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் பையன் சத்தம் கேட்டு இறங்கி வந்தான். தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே கார் கம்பெனி வேலைக்கு வந்தவன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவனிடம் சிலிண்டரைப் பற்றிச் சொல்லி வாய் மூடவில்லை, பைக் சாவியை எடுத்துவிட்டான். "ஸ்ரீபெரும்புதூர்ல பாக்கேன், இல்லன்னா மறைமலை நகர் போறேன்" என்றான். கொஞ்சம் பொறு, முதலில் இதைத் தூக்கப் பிடி என்றேன். மிஷினை நடு அறைக்கு இழுத்தோம்.

அப்போதுதான் அதை முழுதாகப் பார்த்தேன். காலையில் நான் கிளம்பும்போது அது வெறும் மிஷினாக இருந்தது. இப்போது மேலே சந்தனம், குங்குமம். சாமந்தி மாலை. இடுப்பில் வேட்டி கட்டுவது போல, கரை போட்ட புதுத் துண்டு ஒன்று சுற்றிலும் இறுக்கிக் கட்டியிருந்தது. ஃபவுண்டரியில் இருந்த காலத்தில் அப்பா தன் கிரைண்டிங் மிஷினுக்கு இப்படித்தான் வருடா வருடம் அலங்காரம் செய்வார். அந்த போட்டோ வீட்டில் இருக்கிறது.

பெட்டியின் பின்பக்கம், காற்று உள்ளே போகும் ஜன்னல் துண்டுக்குள் இருந்தது. சூடு வெளியேறும் ஓட்டைகளும்தான்.

நின்ற மோட்டாருக்கு முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். முனகிக்கொண்டு சுற்றாமல் இருந்தால் கரண்ட் வருகிறது, கிளம்பத்தான் முடியவில்லை. பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும், கடைகளில் கண்டென்சர் என்பார்களே அது. இல்லையென்றால் பேரிங் இறுகியிருக்கும். சத்தமே இல்லை என்றால் கரண்டே மோட்டாருக்குள் போகவில்லை. ஃபியூஸ், வயர், அல்லது சூடு தாங்காமல் துண்டித்துக்கொள்ளும் கட்-அவுட். இவை எதுவும் இல்லையென்றால் மோட்டாருக்குள் இருக்கும் செம்புக்கம்பிச் சுற்று, வைண்டிங், எரிந்திருக்கும். எரிந்திருந்தால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

ஸ்விட்ச்சைப் போட்டு காதை வைத்தேன். உள்ளே இருந்த சின்ன ஃபேன் ஓடியது. மோட்டாரிடமிருந்து சத்தமே இல்லை.

பிளக்கைப் பிடுங்கி, துண்டையும் மாலையையும் அவிழ்த்துப் போட்டு, மூடியைத் திறந்தேன். கெபாசிட்டரில் தங்கியிருக்கும் கரண்டை வடித்துவிட்டு, மல்டிமீட்டரை வைத்தேன். மோட்டார் உடம்பில் விரல் வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. ஃபியூஸ் சரி. வைண்டிங் சரி. மோட்டார் மேல் ஒட்டியிருந்த சட்டைப் பட்டன் அளவு கட்-அவுட் மட்டும் கரண்டைத் துண்டித்துத் திறந்து கிடந்தது.

அந்த நேரம் எனக்கு வந்தது சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். மோட்டார் எரியவில்லை. எரிய விடாமல் அந்தப் பட்டன் காப்பாற்றியிருக்கிறது. அடுத்த நொடியே அந்தச் சந்தோஷம் போய்விட்டது. அந்தக் கட்-அவுட்டுக்கு ரீசெட் பொத்தான் கிடையாது. மோட்டார் ஆறினால் அதுவாக மூடிக்கொள்ளும். ஆறும் வரை காத்திருக்க வேண்டியதுதான். அப்பாவால் அது வரைக்கும் முடியுமா என்பதுதான் கேள்வி.

பையன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "அக்கா, ஒரு வயர் வச்சு கட்-அவுட்ட ஷார்ட் பண்ணிருவோமா? லைன்ல சென்சார் நின்னா நாங்க அப்படித்தான ஓட்டுதோம்."

எல்லாத் தொழிற்சாலையிலும் செய்வதுதான். டார்கெட் முடிய வேண்டும் என்றால் காவலுக்கு இருக்கும் ஒன்றைக் கட்டிப்போட்டுவிட்டு மிஷினை ஓட்டுவார்கள். நானும் பார்த்திருக்கிறேன். இரண்டு அங்குல வயர் போதும். உடனே ஓடும்.

"எரிஞ்சுட்டா?" என்றேன். "அப்புறம் எதுல மூச்சு விடுவாரு?"

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து மோட்டாருக்கு நேராக வைத்தேன். ஜன்னல்களைத் திறந்தேன். அதன் பிறகு வேலை எதுவும் இல்லை. ஒரு பக்கம் மல்டிமீட்டர், இன்னொரு பக்கம் சிலிண்டரின் முள். இரண்டுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தேன். மீட்டரின் முனைகளைக் கட்-அவுட்டில் வைத்துப் பார்ப்பேன், திறந்திருக்கும். எடுப்பேன். மறுபடி வைப்பேன். சிலிண்டரின் காற்று குறைந்துகொண்டே போய் நின்றுவிட்டது. அப்பாவின் உதடு ஊதா நிறமாக மாறியதைப் பார்த்தேன். எந்த டிகிரியில் கட்-அவுட் மூடும் என்று அதன் மேலேயே அச்சடித்திருந்தது. படித்து என்ன ஆகப்போகிறது.

பாதியில் என் கை வயர் துண்டு ஒன்றை எடுத்துத் தோலைச் சீவிவிட்டது உண்மை. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று கையிலேயே வைத்திருந்தேன். சரியான முடிவு எது என்று எனக்குத் தெரியவில்லை. படித்த படிப்பு ஒன்றைச் சொன்னது, கண் எதிரில் இருந்தது வேறொன்றைச் சொன்னது.

அம்மா விசிறுவதை விடாமல் திட்டிக்கொண்டிருந்தாள். யாரைத் திட்டினாள் என்று சொல்ல முடியாது. மாலையை, துண்டை, சாமியை, ஃபவுண்டரியை.

அப்பா கையைத் தூக்கி அவளை நிறுத்தச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துப் பேசினார்.

"மெயின ஆஃப் பண்ணிட்டுதான் பொட்டு வெக்கணும், பாப்பா... தெரியும். இத ஆஃப் பண்ண முடியாதே... அதான் ஓடிக்கினு இருக்கச்சொல்லவே கட்னேன்."

பேசாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். எல்லா ஊரிலும் அன்று மிஷின்களுக்கு ஓய்வு. ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் அத்தனை லைனும் நிறுத்தி, துடைத்து, பூ வைத்திருக்கிறார்கள். வழக்கத்தை அப்பா சரியாகத்தான் செய்தார். ஓடும் மிஷினுக்கு அந்த வழக்கம் பொருந்தவில்லை.

மீட்டர் 'பீப்' என்றது. கட்-அவுட் மூடிவிட்டது.

கெபாசிட்டர் வயரை மாட்டி, மூடியைப் பொருத்தி, பிளக்கைச் செருகினேன். மோட்டார் ஓடியது. ஓடியவுடன் ஆக்சிஜன் வந்துவிடாது, முழு அளவு சேர சில நிமிடம் ஆகும். அந்த நிமிடங்களில் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகு வந்தது. பையன் எங்கோ கெஞ்சி வாங்கிய சிலிண்டரை பைக்கின் முன்னால் படுக்க வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே வந்தான். சட்டையெல்லாம் யாரோ உடைத்த பூசணிக்காய்.

அப்பா ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தார், வீட்டுக்கு வந்தார். ஆனால் போனபோது இருந்தவராகத் திரும்பி வரவில்லை. முன்பு குழாயைக் கழற்றிவிட்டு வாசல் வரை நடந்து, பஸ்ஸில் போகிறவர்களை நலம் விசாரித்துவிட்டு வருவார். இப்போது பாத்ரூமுக்குப் போகவே குழாய் வேண்டும். இதயமும் களைத்துவிட்டது என்றார் டாக்டர். அந்த மதியத்தினால்தானா என்று கேட்டேன். அவர் ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வயரை வைத்திருந்தால் அப்பா இன்றைக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருப்பாரா? மோட்டார் எரிந்து, அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்குமா? இரண்டில் எது என்று எந்த மீட்டரை வைத்தும் சோதித்துப் பார்க்க முடியாது. என் வேலையில் நான் பழகியது கோளாறைக் கண்டுபிடித்தால் சரிசெய்துவிடலாம் என்பதை மட்டும்தான். கண்டுபிடித்தும் சரிசெய்ய முடியாதது உண்டு என்பதை அப்பாவின் எக்ஸ்ரேயிலேயே பார்த்திருந்தேன். ஆனாலும் அதுவரை நான் அதை நம்பவில்லை.

மோட்டாரில் இப்போது எந்தக் கோளாறும் இல்லை. சிலிண்டர் இரண்டாக வாங்கி வைத்திருக்கிறோம். அப்பாவின் நுரையீரல் இன்னும் மோசமாகியிருக்கிறது என்று போன முறை டாக்டர் சொன்னார். அப்பா இருக்கிறார்.